இளையராஜா பக்தியும் எமது காத்திருப்பும்

எம்மவர் கூடுகின்ற இடங்களில் இளையராஜாவைப் பற்றி இரண்டு விதமாகத்தான் நடந்துகொள்ளலாம். அவரைக் கடவுள் என்று சொல்லலாம். அல்லது வாய்திறவாமல் ரோல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். மூன்றாவதாக ஏதும் சொல்லப் புறப்பட்டால், பிறந்தநாள் விழா கேக் வெட்ட முன்னரே கலைந்துவிடும்.

எஸ்பியர்க்கில் றெஸ்ரோறன்ற் குசினிகளில் வேலை செய்கின்ற எமக்கு இது நாளாந்த அனுபவம். கோப்பை கழுவுகின்ற மெசினின் இரைச்சலுக்கு மேலாக, மசாலாப் பேணிகளுக்கு நடுவில் வைத்த கைத்தொலைபேசியில் பாட்டுப் போய்க்கொண்டிருக்கும். ரகுமானின் பாட்டை இடையில் மாற்றலாம். அனிருத்தின் பாட்டை யாரும் கேட்காமலே மாற்றலாம். ராஜாவின் பாட்டு என்றால் வயதில் மூத்த அண்ணை வெங்காயம் வெட்டுகின்ற கையை நிறுத்திவிட்டுச் சொல்லுவார்: “தம்பி, அதில கைவையாதை. அது முடியட்டும்.”

இக்கட்டுரை இளையராஜாவின் இசை பெரிதா சிறிதா என்று நிறுக்கின்ற முயற்சியல்ல. 1976இல் ‘அன்னக்கிளி’யில் தொடங்கி ஆயிரத்தை எட்டிய படங்களுக்கு இசையமைத்த ஒருவரை நிறுக்க எம்மிடம் தராசும் இல்லை. எமது கேள்வி, அவரைப் பற்றியதைவிட அவரைக் கும்பிடுபவர்களைப் பற்றியது. எத்தனையோ இசையமைப்பாளர்கள் இருக்க, ஊரைவிட்டு வந்த ஈழத்தமிழர் ஏன் இந்த ஒருவரை இவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார்கள்? அந்தப் பிடிக்குள் எது காப்பாற்றப்படுகின்றது, எது நசிபடுகின்றது?

எமது அபிப்பிராயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகின்றோம். எழுதப்படாத எமது அகதிக்காலத்தின் வரலாறு பெருமளவில் ராஜாவின் பாடல்களுக்குள்தான் கிடக்கின்றது. ஆனால் பக்தியோ அந்த வரலாற்றை அறைக்குள் வைத்துப் பூட்டி, திறப்பையும் எறிந்துவிடுகின்றது.

*

ராஜா எமக்குத் திரையில் அறிமுகமானவர் அல்லர், காதால் அறிமுகமானவர். எழுபதுகளில் இந்தியப் படங்களின் இறக்குமதி அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கையில் இருந்தது. தமிழ்நாட்டில் ஓடி முடிந்த படம் யாழ்ப்பாணத்துத் தியேட்டருக்கு வந்து சேர நெடுநாள் எடுக்கும். பாட்டு மட்டும் முதலில் வந்துவிடும். இலங்கை வானொலியின் தமிழ்ச்சேவையில் கே. எஸ். ராஜாவும் பி. எச். அப்துல் ஹமீத்தும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்திய பாட்டுகளைச் சனம் படம் பார்க்காமலே மனப்பாடம் செய்தது. பிறகு அதே பாட்டுகள் கலியாண வீட்டு ஒலிபெருக்கியில், கோயில் திருவிழாவில், மினிபஸ்ஸில், ரெக்கோர்டிங் பாரில் என்று எங்கும் பரவின. படத்தில் அந்தப் பாட்டுக்கு யார் வாயசைத்தார் என்பது எமக்கு இரண்டாம் பட்சம். கேட்ட ஒழுங்கைதான் அந்தப் பாட்டின் காட்சி.

ராஜாவின் பொற்காலம் என்று ரசிகர்கள் சொல்கின்ற ஆண்டுகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 1980இல் ‘ஜானி’யும் ‘நிழல்க’ளும். 1981 யூனில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. 1983இல் தெலுங்கில் ‘சாகர சங்கமம்’. அவருக்கு முதல் தேசிய விருதைக் கொடுத்த படம். அதே 1983 யூலையில் கொழும்பில் எமது சனத்தைத் தேடித்தேடிக் கொன்றார்கள். 1985இல் ‘சிந்து பைரவி’யும் ‘முதல் மரியாதை’யும். 1986இல் ‘மௌன ராகம்’. இந்த ஆண்டுகளில்தான் பொடியள் வீட்டுக் காணியை அடகு வைத்து, ஏஜென்சிக்குக் காசு கட்டி, கிழக்கு பேர்லின் வழியாகவும் வேறு வழிகளாகவும் ஐரோப்பாவுக்குள் வந்து விழுந்தார்கள். ஒரு இசையமைப்பாளரின் மிக வளமான பத்து ஆண்டுகளும் ஒரு சனத்தின் மிகக் கொடிய பத்து ஆண்டுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. தமிழ்நாட்டு ரசிகருக்கு அந்தப் பாட்டுகள் இளமை. எம்மவருக்கு அவை இளமையும் அதன் முடிவும்.

*

1987ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தைத் தனியே சொல்லவேண்டும்.

அந்த ஆண்டு செப்ரெம்பரில் டென்மார்க்கின் நீதி அமைச்சராக இருந்த எரிக் நின்-ஹன்சன், தமிழ் அகதிகளின் குடும்ப இணைப்பு விண்ணப்பங்களைத் தள்ளிவைக்கும்படி தமது அதிகாரிகளைப் பணித்தார். 1983ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் மனைவியையும் பிள்ளைகளையும் அழைக்கும் உரிமையை அகதிக்குக் கொடுத்திருந்தது. சட்டத்தை மாற்றாமலே, சத்தமில்லாமல், கோவைகள் அலுமாரிக்குள் வைக்கப்பட்டன. அவர் அமைச்சை விட்டுப் போன 1989 யனவரி வரை இது நீடித்தது. பின்னர் விசாரணை வந்தது. நீதிபதி மொகன்ஸ் ஹோர்ன்ஸ்லெத்தின் ஏறக்குறைய 6000 பக்க அறிக்கை வெளிவந்த கையோடு, 1993 யனவரி 14இல் பிரதமர் போல் ஸ்லூட்டர் பதவி விலகினார். 1995 யூனில் நின்-ஹன்சனுக்கு, அமைச்சர்களை விசாரிக்கின்ற விசேட நீதிமன்றம் நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. டெனிஷ் அரசியல் வரலாற்றில் ‘தமிழர் வழக்கு’ என்பது ஒரு அத்தியாயம்.

அதே 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இந்தியப்படையுடன் யுத்தம் தொடங்கியது. ஒக்டோபர் 21, தீபாவளி. அன்றுதான் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் புகுந்த இந்தியப்படை நோயாளரையும் வைத்தியர்களையும் தாதிகளையும் சுட்டுக் கொன்றது. அதே தீபாவளி நாளில் தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் ‘நாயகன்’ வெளியானது.

எமது குசினி அண்ணையிடம் எப்போது டென்மார்க்குக்கு வந்தீர்கள் என்று கேட்டால் “மௌன ராகம் வந்த வருசம்” என்பார். அக்காவும் பிள்ளையும் எப்போது வந்தார்கள் என்றால், “கரகாட்டக்காரன் வந்து கொஞ்ச நாளாலை.” அதாவது 1986இலிருந்து 1989 வரை. மூன்று வருடம். அந்த மூன்று வருடத்துக்கு அவரிடம் உள்ள ஆவணம், அமைச்சுக்கு எழுதிய கடிதங்களின் பிரதியல்ல. அவை வீடு மாறியபோது தொலைந்துவிட்டன. ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையக் கசெற்றுகள்தான் மிச்சம். ஊரில் ஒருவர் பதிந்து, யாரோ ஒருவரின் பெட்டிக்குள் வந்து, இங்கே இன்னொன்றுக்கு மாற்றி, அதையும் இன்னொருவர் இரவல் வாங்கி, ஒலிநாடா இழுபட்டு, பென்சிலால் சுற்றிச் சுற்றிக் கேட்ட கசெற்றுகள். நின்-ஹன்சனின் பெயர் அவருக்கு நினைவில்லை. எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு வரும் என்பது நினைவிருக்கின்றது.

இதைச் சிரிப்புக்கு எழுதவில்லை. நாட்காட்டி இல்லாத சனம் படங்களின் பெயரால் ஆண்டை எண்ணுகின்றது. இன்றைக்கோ நாளைக்கோ விசா வரும் என்று காத்திருக்கின்றவனுக்கு எல்லா நாளும் ஒன்றுதான். அந்த ஒரே நாளை ஏழு நிமிடம், ஐந்து நிமிடம் என்று துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தொடக்கமும் முடிவும் கொடுத்தது அந்த இசை. “அது முடியட்டும்” என்ற சொல்லின் பாரம் அங்கிருந்துதான் வருகின்றது.

எம்மைப் போன்று பின்னால் வந்தவர்களுக்கும் இதில் பங்குண்டு. 1990இலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வுக்குப் பிறகு வன்னியில் வளர்ந்த பிள்ளைகள் நாம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சில்லில் முட்டவிட்டு, பெடலைக் கையால் சுற்றினால் கசெற் பாடும். கை களைத்தால் பாடகரின் குரல் தடித்து, இழுபட்டு, ஆண்குரலா பெண்குரலா என்று தெரியாமல் போய்விடும். மற்றவன் வந்து பிடிக்கவேண்டும். அப்போது நாம் ராஜாவின் ரசிகர்களாக இருந்தோம் என்று சொல்வது போதாது. அவருடைய இசைக்கு மின்சாரம் கொடுத்தவர்கள் நாம். பகலில் ஒலிபெருக்கியில் இயக்கப்பாட்டுகள் சாவுக்கு அழைத்துக்கொண்டிருந்தன. இரவில் இந்தக் கசெற், காதலிக்கவும் கவலைப்படவும் ஒரு தனி மனிதனுக்கு உரிமை உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டையும் கேட்டு வளர்ந்தவர்களுக்குத்தான் இரண்டாவதின் பெறுமதி தெரியும்.

ஆகவே, சினிமாப் பாட்டு மோகம் என்று இந்த ரசனையை ஒரு வசனத்தில் தள்ளிவிடுகின்ற எமது புத்திசீவிகளோடு எமக்கு உடன்பாடில்லை. இந்தப் பக்தி உழைத்துச் சேர்த்த பக்தி.

*

ஏன் ராஜா? காலப்பொருத்தம் ஒரு காரணம். இசைக்குள்ளும் ஒரு காரணம் உண்டு என்றே நினைக்கின்றோம்.

அவருக்கு முன்னிருந்த பெரும்பாலான பாடல்களில் பாடகரின் குரல் முன்னால் போகும். வாத்தியங்கள் குடைபிடித்துக்கொண்டு பின்னால் வரும். ராஜாவின் பாடல்களில் வாத்தியங்களுக்கும் சொந்த வாழ்க்கை இருக்கின்றது. குரல் ஒரு வழியில் போக, பேஸ் கிற்றார் கீழே இன்னொரு மெட்டைப் போட்டுக்கொண்டு போகும். சரணத்துக்கு முன்னால் வருகின்ற இசைத்துண்டில் வயலின்கள் வேறொரு ஊருக்கே கூட்டிப்போய், பிறகு ஒன்றும் நடவாததுபோலப் பழைய இடத்தில் கொண்டுவந்து விடும். தன்ராஜ் மாஸ்டரிடம் படித்த மேற்கத்திய இசையின் முறை இது: ஒரே நேரத்தில் இரண்டு மெட்டு, ஒன்று மற்றதைக் கெடுக்காமல். கை இங்கே கோப்பையைக் கழுவ மனம் அங்கே கிணற்றடியில் நிற்கின்ற ஒருவனுக்கு இந்த அமைப்பை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவனுடைய நாளே அப்படித்தான் போகின்றது.

இதை வாசித்தவர்கள் யார்? வயலின் வி. எஸ். நரசிம்மன், புல்லாங்குழல் அருண்மொழி என்கின்ற நெப்போலியன், டிரம்ஸ் புருஷோத்தமன், பேஸ் கிற்றார் சசிதரன். கடவுளுக்குக் கை எத்தனை என்று தெரிந்த எமது பக்தர்களில் எத்தனைபேருக்கு இந்தக் கைகளின் பெயர் தெரியும்? நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்து, தாளைப் பார்த்து, ஒருவருக்கொருவர் செவிகொடுத்து வாசித்ததை ஒரு தனிமனித அற்புதமாக மாற்றுவதுதான் பக்தியின் முதல் வேலை. குசினித் தொழிலாளிக்கு இது நன்றாக விளங்கவேண்டும். சாப்பாட்டு மேசையில் புகழப்படுவது எப்போதும் ஒரு பெயர்தான்.

*

பக்தி மறைப்பதில் முக்கியமானது சாதி.

ராஜா 1943இல் பண்ணைப்புரத்தில் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். 1958இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில் பாட்டாலேயே பிரசாரம் செய்தவர். தம்பி ராசையா அந்த அண்ணனின் குழுவில் ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகத் திரிந்துதான் இசையைத் தொழிலாகக் கற்றுக்கொண்டார். ‘சிந்து பைரவி’யில் சபைக்குள் எழுந்து நாட்டுப்பாட்டைப் பாடுகின்ற ஒரு பெண், அப்படியே தியாகராயரின் கீர்த்தனைக்குள் போய்ச் சேருவாள். வயலுக்கும் சபைக்கும் நடுவிலிருந்த மதில் ஐந்து நிமிடத்துக்குள் இறங்கிவிடும். அதைப் பாடிய சித்ராவுக்குத் தேசிய விருது கிடைத்தது, ராஜாவுக்கும் கிடைத்தது. எம்மவர் அந்தக் காட்சியைப் பார்த்து இன்றும் கண்கலங்குகின்றார்கள். கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகளுக்கு வந்த சம்பந்தத்தில் பொடியன் “என்ன ஆக்கள்” என்று ஊருக்கு ரெலிபோன் எடுத்து விசாரிக்கின்றார்கள். டென்மார்க்கில் பிறந்து, டெனிஷ் பள்ளிக்கூடத்தில் படித்து, ஒரு சாதியின் பெயரைக்கூட அறியாமல் வளர்ந்த பிள்ளைகளின் கலியாணம் இப்படித்தான் நிற்கின்றது, அல்லது நடக்கின்றது.

2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் ராஜாவின் திவ்ய பாசுர நிகழ்ச்சி நடந்தது. அர்த்தமண்டப வாசலில் அவரிடம் ஏதோ சொல்லப்பட, அவர் பின்வாங்கி வெளியே நின்ற காட்சி எல்லோருடைய கைத்தொலைபேசிக்கும் வந்தது. பூசகர்களைத் தவிர வேறு யாரும் அதற்குள் போவது வழக்கமில்லை என்று அறநிலையத்துறை விளக்கம் சொன்னது. நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்கின்றார்கள், சுயமரியாதையை எங்கும் விட்டுக்கொடுப்பவன் அல்ல நான் என்ற கருத்தில் ராஜாவும் சொல்லிவிட்டார். அவர் அப்படிச் சொன்னபிறகு அந்தச் சம்பவத்தைப் பற்றி அவருக்கு மேலாக நாம் சொல்ல ஒன்றுமில்லை. எம்மைப் பற்றிச் சொல்ல உண்டு. அந்த வாரம் எஸ்பியர்க்கில் எம்மவர் கொதித்தார்கள். கடவுளையே கோயிலுக்குள் விடவில்லை என்றார்கள். நல்லது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே போகக் கேட்டு நின்றவர்கள் யாருடைய ஊரவர்கள்? அவர்களை அடித்துத் துரத்தியவர்கள் யாருடைய உறவினர்கள்? கே. டானியல் ‘பஞ்சமர்’ நாவலை எந்த ஊரைப் பற்றி எழுதினார்? அந்த வீடியோவை நூறுபேருக்கு அனுப்பியவர்களில் ஒருவராவது இதைக் கேட்டதாக நாம் அறியவில்லை. தமிழ்நாட்டுச் சாதி எமது கண்ணுக்குத் தெரிகின்றது. எமது சாதிக்கு மட்டும் கண் மங்கிவிடுகின்றது.

இதற்குப் பக்தி ஒரு வசதியான ஏற்பாடு. மனிதனாக ஏற்றுக்கொண்டால் அவனுடைய அண்ணன் தம்பியையும் மனிதராக ஏற்கவேண்டும். கடவுளாக்கிவிட்டால் அந்தக் கரைச்சல் இல்லை. கடவுளுக்குச் சாதியில்லை; கடவுளின் சொந்தக்காரர் எம்முடைய மேசையில் வந்து உட்காரப்போவதுமில்லை. யாழ்ப்பாணத்தில் இதற்குப் பழக்கம் உண்டு. 1975இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் வாசிப்பைக் கேட்க விடியவிடியக் கோயில் வீதியில் சனம் காத்துக்கிடந்ததைப் பெரியவர்கள் பெருமையோடு சொல்வார்கள். அதே ஊர்களில் மேளகாரருக்கு எந்த வீட்டில் எந்த இடத்தில் பந்தி போடப்பட்டது என்பதை அதே பெருமையோடு சொல்லமாட்டார்கள்.

மறுபக்கமும் இருக்கின்றது. 2022 ஏப்ரலில் அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிட்டு வந்த ஒரு நூலுக்கு ராஜா முன்னுரை எழுதினார். அதே ஆண்டு யூலையில் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அந்த முன்னுரையை விமர்சிக்க நியாயம் உண்டு. எமக்கும் அதில் உடன்பாடில்லை. ஆனால் விமர்சனம் என்ற பெயரில் அவருடைய பிறப்பை இழுத்தவர்களும் இருந்தார்கள். இன்னொரு பக்கத்தில், இசைக்கடவுள் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். காலில் விழுந்தவனும் காறித்துப்பியவனும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். எண்பது வயதை நெருங்கிய ஒரு மனிதர், தன் அரசியலுக்குத் தானே பொறுப்பான ஒருவர், நல்லதும் பிழையும் சொல்லக்கூடியவர் என்ற சாதாரண மரியாதையை இருவரும் அவருக்குக் கொடுக்கவில்லை.

*

2025 மார்ச் 8இல் லண்டன் ஈவென்ரிம் அப்பொலோ அரங்கில் ராஜாவின் ‘வேலியன்ற்’ சிம்பொனி வாசிக்கப்பட்டது. முன்பென்றால் எமது நகரத்திலிருந்தே இங்கிலாந்தின் ஹார்விச்சுக்குக் கப்பல் போகும். அது 2014இல் நின்றுவிட்டது. எம்மவர் சிலர் லீவு எடுத்து பில்லுண்டிலிருந்து விமானம் ஏறினார்கள். 1993இல் லண்டன் றோயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு பதிவுசெய்த சிம்பொனி வெளிவராமலே போனதை முப்பது வருடமாக நெஞ்சில் வைத்திருந்த சனம் அது. போனதில் நியாயம் இருக்கின்றது.

ஆனால் திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த செய்தி என்ன? ‘ஆசியாவிலேயே முதலாவது’ என்பதுதான். யப்பானின் கோஸ்காக்கு யமாடா 1912இலேயே சிம்பொனி எழுதிவிட்டார். ரவிசங்கரின் சிம்பொனி 2010இல் அதே லண்டனில் அரங்கேறியது. இதைச் சொன்னால் ராஜாவைக் குறைக்கின்றோம் என்று முகத்தைச் சுழிக்கின்றார்கள். முதலாவதாக இருந்தால் மட்டும்தான் பெரிது என்பது இசை கேட்கின்றவனின் எண்ணமல்ல; போட்டியில் தோற்றுக் களைத்தவனின் எண்ணம். நாட்டை இழந்த சனத்துக்கு எங்காவது ஒரு முதலிடம் வேண்டியிருக்கின்றது. அந்தப் பாரத்தை ஒரு கிழவரின் தோளில் ஏற்றிவிடுகின்றோம். மெதுவான பகுதி எப்படி இருந்தது, எந்த இடத்தில் மனம் நின்றது என்று கேட்டோம். “சனம் எழும்பி நிண்டு கைதட்டினது” என்றார்கள்.

எமது குசினியிலிருந்து சைக்கிளில் போகின்ற தூரத்தில் எஸ்பியர்க் இசைமண்டபம் இருக்கின்றது. சிட்னி ஒப்பரா மண்டபத்தை வரைந்த யோர்ன் உட்சோனும் அவர் மகன் யானும் வடிவமைக்க, 1997இல் திறக்கப்பட்டது. தென் யூலன்ட் சிம்பொனி இசைக்குழு அங்கே வந்து வாசிக்கின்றது. லண்டனுக்கு விமானம் ஏறியவர்களில் ஒருவரையும் அங்கே நாம் கண்டதில்லை. சிம்பொனி மீதான ஆசை என்றால் அது பக்கத்துத் தெருவிலும் கேட்கவேண்டும்.

டெனிஷ்காரருக்கும் ஒரு கிராமத்து இசைஞானி உண்டு. கார்ல் நீல்சன், 1865இல் பியூன் தீவில் பிறந்தவர். தகப்பன் சுவருக்குப் பெயின்ற் அடிப்பவர். ஊர் நடனங்களுக்குப் பிடில் வாசிப்பவர். வறுமைக்குள் வளர்ந்து, பட்டாள பாண்டில் ஊதி, ஆறு சிம்பொனிகள் எழுதினார். 1999இல் வந்த 100 குரோனர் தாளில் அவருடைய முகம் இருந்தது. ஆனால் அவரை இந்தச் சனம் வைத்திருக்கின்ற இடம் சாமித்தட்டு அல்ல, பாட்டுப் புத்தகம். 1894இலிருந்து பதிப்புப் பதிப்பாக வருகின்ற உயர்பள்ளிப் பாடல் நூலில் அவர் மெட்டமைத்த எளிய பாடல்கள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில், கூட்டங்களில், சாவீட்டில் எல்லோரும் புத்தகத்தைத் திறந்து வைத்துப் பாடுகின்றார்கள். சுருதி சேராதவனும் பாடுகின்றான். 2020இல் கொரோனாவுக்காக நாடு பூட்டப்பட்டபோது பிலிப் பாபர் என்ற இசைநடத்துநர் தொலைக்காட்சியில் பியானோவுக்கு முன்னால் உட்கார, வீட்டுக்குள் அடைபட்ட சனம் காலையில் சேர்ந்து பாடியது. எமது பிள்ளைகளும் பாடினார்கள். டெனிஷ்காரரை உயர்த்திச் சொல்ல இதை எழுதவில்லை. எமது கோவைகளைப் பூட்டிவைத்த அமைச்சரும் அந்தப் பாட்டுகளைப் பாடித்தான் வளர்ந்திருப்பார். ஒரு கலைஞரை நேசிக்க வேறு வழியும் இருக்கின்றது என்பதற்காகச் சொல்கின்றோம்.

*

கடைசியாக ஒன்று. எமது ராஜா ரசிகர் என்றால் ஏன் எப்போதும் ஆணாக இருக்கின்றார்?

1987க்கும் 1989க்கும் இடையில் எஸ்.ஜானகியின் குரலில் ஏக்கப் பாட்டைக் கேட்ட அண்ணைமாருக்கு அது ஊரில் இருந்த மனைவியின் குரல். அந்தப் பாட்டை எழுதியவர் ஒரு ஆண். மெட்டமைத்தவர் ஒரு ஆண். கசெற்றுக்குள் இருந்த பெண் பூவையும் நிலவையும் பார்த்துக் காத்திருந்தாள். ஊரில் இருந்த பெண் ஊரடங்குச் சட்டத்துக்குள், இந்தியப்படையின் தேடுதலுக்கு நடுவில், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். தனக்குத் தெரியாத ஒரு அமைச்சரின் அலுமாரிக்குள் தன்னுடைய பெயர் கிடப்பதும் அவளுக்குத் தெரியாது. அவள் வந்து இறங்கியபோது, கசெற்றில் இருந்தவளைத்தான் இங்கே எதிர்பார்த்திருந்தார்கள். வந்தவளிடம் அந்த மூன்று வருடத்தை யாராவது முழுதாகக் கேட்டார்களா?

எமது குசினிக்குச் சனிக்கிழமைகளில் உதவிக்கு வருகின்ற அக்கா ஒருவரிடம் நாம் கேட்டோம். அந்தக் காலத்தில் அவரும் அதே பாட்டுகளைத்தான் கேட்டிருக்கின்றார். பக்கத்து வீட்டு றேடியோவில், சத்தத்தைக் குறைத்து வைத்து. வெளியில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் நிறுத்தவேண்டும். “ஒரு பாட்டும் முழுசாக் கேட்டதில்லைத் தம்பி” என்றார். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த அண்ணை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக ஒரே ஊரில் வாழ்கின்ற இருவருக்கும் ஒரே பாட்டு இரண்டு விதமாக நினைவிருக்கின்றது. ஒருவருக்கு அது முடியவேண்டும். மற்றவருக்கு அது முடிந்ததேயில்லை.

எமக்கு வேண்டியது இந்த விபரங்கள். எந்தப் பாட்டு எந்த ராகம் என்று பட்டியலிடுகின்ற ரசிகர்கள் உலகமெங்கும் இருக்கின்றார்கள். அது பயனுள்ள வேலைதான், அவர்கள் செய்யட்டும். எந்தப் பாட்டை எந்த முகாமில், யாருடைய கசெற்றில், எந்தக் கடிதத்தைக் காத்துக்கொண்டு கேட்டோம், டைனமோவை யார் சுற்றினார்கள், சுற்றியவர்களில் யார் இன்று இல்லை, ஒலிபெருக்கி பாடிய கலியாண வீட்டில் படலைக்கு வெளியே நின்று கேட்டவர்கள் யார் என்பதை எம்மைத் தவிர வேறு எவரும் எழுதமுடியாது. முதலாவது தலைமுறை வயதாகிக்கொண்டிருக்கின்றது. சப்பாத்துப் பெட்டிகள் குப்பைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. டெனிஷில் யோசிக்கின்ற பிள்ளைகளிடம் போய் இவர் கடவுள் என்று சொன்னால், அவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுத் தங்களுடைய பாட்டைக் காதில் மாட்டிக்கொள்வார்கள். இந்தப் பாட்டுப் போய்க்கொண்டிருந்தபோதுதான் உன் அம்மாவின் விண்ணப்பத்தை ஒரு அமைச்சர் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார் என்று சொன்னால், ஒருவேளை அவர்கள் கேட்பார்கள்.